உஷார்! ‘125எக்ஸ்’ என்று பார்த்ததும் பர்ஸைத் திறக்காதீர்கள்!

ஜூம் கேமரா வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். பணத்தைக் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

போனஸ் கைக்கு வந்திருக்கும். பி.எஃப். பணம் வந்திருக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, ‘அப்பா ரிட்டயர் ஆகிட்டார், பொழுதுபோக்குக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுப்போம்’ என்று ஆசையாக அனுப்பியிருக்கும். கடைக்குப் போனால் பெட்டிமேல் பெரிய பெரிய எண்கள். 50எக்ஸ். 83எக்ஸ். 125எக்ஸ். நிலாவின் பள்ளங்கள் தெரிகிற வீடியோ ஒன்றை யூடியூபில் வேறு பார்த்திருப்பீர்கள். மனசு அப்போதே வாங்கிவிட்டது. கை மட்டும்தான் பாக்கி.

அந்தக் கையைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு டீச்சரம்மா. அரசுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பறவைகள் என்றால் உயிர். ஓய்வூதியப் பணம் வந்ததும் முதல் வேலையாக ஒரு பெரிய ஜூம் கேமரா வாங்கினார். கடைப் பையன் நல்லவன்தான், பொய் எதுவும் சொல்லவில்லை. உச்சி வெயிலில் கடை வாசலுக்கு அழைத்துப் போய், தெருக்கோடியில் இருந்த மருந்துக்கடைப் பலகையை ஜூம் செய்து காட்டினான். போர்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்த போன் நம்பர்கூடப் பளிச்சென்று தெரிந்தது. அந்த இடத்திலேயே கார்டைத் தேய்த்துவிட்டார்.

டிசம்பர் மாதம் வேடந்தாங்கல் போனார். மாலை நாலரை மணி, மேகமூட்டம். ஏரிக்கரையில் நின்று, தண்ணீருக்கு நடுவே இருக்கும் மரங்களைப் பார்த்து முழு ஜூமும் போட்டார். மஞ்சள் மூக்கு நாரை குஞ்சுக்கு இரை ஊட்டுகிறது. கூழைக்கடா பறந்து வந்து இறங்குகிறது. கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே அற்புதமாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்து, பேரப் பிள்ளைகளை உட்காரவைத்து டி.வி.யில் போட்டுக் காட்டினார்.

படம் முழுக்க ஒரே பொரிப்பொரியாக இருந்தது. நாரையின் இறகுகள் தனித்தனியாகத் தெரியவில்லை, எல்லாம் ஒரே பூச்சு. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. பறந்த பறவைகள் வெள்ளைத் தீற்றலாக விழுந்திருந்தன.

அந்த அம்மா என்ன நினைத்தார் தெரியுமா? ‘எனக்கு வயசாகிடுச்சு, கை நடுங்குது, என்னால முடியல’ என்று நினைத்தார். கேமராவை அதன் தோல் உறைக்குள் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். இரண்டு மழைக்காலம் கழித்து எடுத்துப் பார்த்தபோது லென்ஸுக்குள் வெள்ளை நூலாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. சர்வீஸ் சென்டரில் ‘லென்ஸை முழுசாக மாற்ற வேண்டும்’ என்று சொன்ன தொகையைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

அவர் கையில் ஒரு குறையும் இல்லை. கேமராவும் கெட்ட கேமரா இல்லை. அது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்தது. எனக்கு வயிறு எரிவது அதனால்தான்.

இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: ஜூம் தூரத்தைக் குறைக்கும். வெளிச்சத்தைக் கூட்டாது!

கடைக்காரர் காட்டும் அந்த நடுப்பகல் போர்டு இருக்கிறதே, அந்தப் பரீட்சையில் எல்லா ஜூம் கேமராவும் பாஸ் ஆகிவிடும். வெயில் கொட்டுகிறது, போர்டு அசையவில்லை. உங்கள் பறவை அப்படியா உட்காரும்?

முதலில் அந்த ‘எக்ஸ்’ கணக்கைப் பார்ப்போம். பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான்.

‘எக்ஸ்’ என்பது எவ்வளவு தூரம் பார்க்கலாம் என்கிற அளவு இல்லை. லென்ஸின் நீள முனையைக் குட்டை முனையால் வகுத்தால் வருகிற எண். அவ்வளவே. 24 மி.மீ.யில் தொடங்கி 1200-இல் முடிந்தால் அது 50எக்ஸ். கேனான் எஸ்எக்ஸ்50 அப்படித்தான். 20-இல் தொடங்கி அதே 1200-இல் முடிந்தால் 60எக்ஸ். பானசோனிக் எஃப்இசட்80 அந்த ரகம். இரண்டும் தூரத்தில் எட்டுவது ஒரே அளவுதான்! பத்து எக்ஸ் கூட இருக்கிறதே என்று கூடுதல் பணம் கொடுத்தால், குருவி ஒரு மி.மீ. கூடப் பக்கத்தில் வராது. இன்னும் ஒன்று. பறவைப் படக்காரர்கள் தோளில் சுமந்து போகிறார்களே, 150-600 லென்ஸ், அது வெறும் 4எக்ஸ். அதைப் பார்த்து ‘நாலு எக்ஸ்தானா’ என்று சிரித்துவிடாதீர்கள்.

கடையில் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை எக்ஸ்?’ இல்லை. ‘எத்தனை மி.மீ.யில் முடிகிறது? அங்கே எஃப் எண் எவ்வளவு? சென்சார் என்ன அளவு?’ இந்த மூன்றும்தான். பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

சென்சார் என்றேன். ஆபத்து ஒளிந்திருப்பதே அங்கேதான்.

பார்க்கப் பெரிய கேமராவாக, கையில் கனமாக இருக்கும். நிக்கான் பி1000 எடை ஏறக்குறைய 1.4 கிலோ. உள்ளே படத்தை வாங்கிக்கொள்ளும் சென்சார் எவ்வளவு தெரியுமா? சுமார் 6.2 மி.மீ.க்கு 4.6 மி.மீ. உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது! ஃபுல் ஃபிரேம் கேமராவின் சென்சார் 36-க்கு 24 மி.மீ. பரப்பில் கிட்டத்தட்ட முப்பது மடங்கு. இன்றைக்கு விலை உயர்ந்த போன்களின் முதன்மைக் கேமராவில் இருக்கும் சென்சார்கூட இதைவிடப் பெரியது. கல்யாண மண்டபத்தில், கோயில் கருவறைக்கு வெளியே மங்கிய வெளிச்சத்தில், ‘இவ்வளவு பெரிய கேமரா வாங்கியும் என் மருமகள் போன்ல நல்லா வருதே’ என்று பலர் குழம்புவது இதனால்தான். குழம்ப வேண்டாம். அந்த இடத்தில் போனையே எடுங்கள்.

சென்சாரை ஏன் அவ்வளவு சிறிதாக வைக்கிறார்கள்? அப்போதுதான் லென்ஸ் அடக்கமாக இருக்கும். பி1000-இன் உண்மையான லென்ஸ் நீளம் 4.3 முதல் 539 மி.மீ. வரைதான். சென்சார் சிறியது என்பதால் அது பெரிய கேமராவின் 24-3000 மி.மீ.க்குச் சமமாகக் காட்டுகிறது. ஃபுல் ஃபிரேமுக்கு நிஜமாகவே 3000 மி.மீ. லென்ஸ் செய்தால் அதை நீங்களும் நானும் தூக்க முடியாது. ஆக, அந்தத் தூரமும் இந்தப் பொரிப்பொரியும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். பணம் உங்களுடையது.

ஜூமை இழுக்க இழுக்க லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் குறையும். பி1000-இல் அகலமான பக்கம் எஃப் 2.8, முழு ஜூமில் எஃப் 8; இந்த எண் ஏறினால் வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். நல்ல வெயிலில் எஃப் 8-இல், ஐஎஸ்ஓ 100-இல் (படத்தை வெளிச்சமாக்கிக் காட்டும் அளவு இது; ஏற ஏறப் பொரியும் ஏறும்), ஷட்டர் வேகம் நொடியில் 400-இல் ஒரு பங்கு கிடைக்கும். பறக்கும் பறவையை உறையவைக்க 2000-இல் ஒரு பங்காவது வேண்டும். அதற்கு ஐஎஸ்ஓ 500 ஆகிவிடுகிறது. வெயிலிலேயே! அதே பறவை நிழலுக்குள் போனால், அல்லது டீச்சரம்மா போன அந்த மேகமூட்டமான மாலை மாதிரி வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகக் குறைந்தால், ஐஎஸ்ஓ 4000. நகத்தைவிடச் சிறிய சென்சாரில் 4000! கேமரா அந்தப் பொரியை மறைக்கத் தானாகவே படத்தை மெழுகிவிடும். இறகு, முடி, இலை நரம்பு எல்லாம் அந்த மெழுகலில் போய்விடும்.

‘என் கேமராவில் ஆட்டம் குறைக்கும் வசதி இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது, நல்ல வசதிதான். ஆனால் அது உங்கள் கை ஆடுவதைத்தான் தாங்கும். பறவை ஆடுவதை அது என்ன செய்யும்? நூறு மீட்டர் தள்ளி இருக்கும் மரத்தில் 3000 மி.மீ. போட்டுப் பார்த்தால் உங்கள் படத்துக்குள் அடங்குவது 1.2 மீட்டருக்கும் கொஞ்சம் குறைவான அகலம். ஒரு கூழைக்கடா இறக்கையை விரித்தால் படத்துக்கு வெளியே போய்விடும். மூச்சு விட்டாலே மரம் திரையை விட்டு ஓடுகிறது. பறவை எங்கே போனது என்று தேடுவதற்குள் அது அடுத்த ஏரிக்குப் போயிருக்கும். இதற்காகவே பல மாடல்களில் ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். அழுத்தினால் ஜூம் சட்டென்று பின்வாங்கி அகலமாகக் காட்டும், விட்டால் பழைய இடத்துக்கே போகும். அந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கண்டுபிடித்து, கண்ணை மூடிக்கொண்டு விரல் வைக்கப் பழகுங்கள்.

ஜன்னலோரம் வரும் சிட்டுக்குருவியை எடுக்க ஆசையா? அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. முழு ஜூமில் நிக்கான் பி900 குறைந்தது 5 மீட்டர் தள்ளி இருப்பதைத்தான் ஃபோகஸ் செய்யும். பி1000-க்கு 7 மீட்டர் வேண்டும். மூன்று மீட்டரில் இருக்கும் குருவிக்கு ஜூமைக் குறைத்தே ஆக வேண்டும். இது தெரியாமல் ‘ஃபோகஸே ஆகல, கேமரா ரிப்பேர்’ என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனவர்கள் உண்டு.

கானலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் இதுதான் பெரிய எதிரி. பத்து மணிக்கு மேல் தார் ரோடு, மணல், ஏரித் தண்ணீர் எல்லாவற்றுக்கும் மேலே காற்று நெளிய ஆரம்பித்துவிடும். உங்கள் ஜூம் அந்த நெளிவையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். பள்ளிக்கரணையில் ரோட்டோரம் நின்று, பழவேற்காட்டில் படகிலிருந்து, நடுப்பகலில் பூநாரைகளை எடுத்துவிட்டு ‘படம் ஷார்ப்பாக இல்லை’ என்று வருந்துகிறவர்கள், எத்தனை லட்சம் கொடுத்து லென்ஸ் வாங்கினாலும் அதே படம்தான் வரும் என்பதைத் தெரிந்துகொள்ளட்டும். காலை வெயில் ஏறுமுன் போங்கள். வேறு மருந்து கிடையாது.

இவ்வளவு பயமுறுத்துகிறாயே, வாங்கவே கூடாதா என்று கேட்டால், அப்படிச் சொல்ல மாட்டேன். சரியான இடத்தில் இந்தக் கேமரா தங்கம். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி. மேல் நிலைகளில் இருக்கும் சுதைச் சிற்பத்தின் முகபாவம் வெறும் கண்ணுக்குத் தெரியாது. காலை வெயிலில், கீழே நின்றபடி, ஒரு சாதாரண ஜூம் கேமரா அதைப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டிவிடும். சிற்பம் அசையாது, வெளிச்சம் நிறைய, ஐஎஸ்ஓ 100 போதும். நிலாவும் அப்படித்தான், வெயில் பட்டுப் பளபளக்கும் பாறை அது. ஐஎஸ்ஓ 100, நொடியில் 125 முதல் 250-இல் ஒரு பங்கு, ஸ்டாண்டில் நிறுத்தி, கைபடாமல் செல்ஃப் டைமரில் எடுத்தால் பள்ளங்கள் தெளிவாக வரும். பி1000-இல் முழு ஜூம் போட்டால் முழுநிலா மேலும் கீழும் திரையைத் தொட்டு நிற்கும், இரண்டொரு நிமிடத்தில் நகர்ந்து வெளியேறியும்விடும். வியாழனின் நிலாக்களும் சனியின் வளையமும்கூட இந்த வகைக் கேமராவில் மாட்டும். கலிலியோ 1610-இல் தொலைநோக்கியில் பார்த்த அதே நான்கு நிலாக்களை மொட்டை மாடியிலிருந்து பிள்ளைகளுக்குக் காட்டலாம். என்ன சந்தோஷம் அது!

ஆனால் நட்சத்திரத்தை ஜூம் செய்து ‘பார், துடிக்கிறது, உருண்டையாக இருக்கிறது’ என்று வீடியோ போடாதீர்கள். அது ஃபோகஸ் தவறிய புள்ளி. எந்த வீட்டுக் கேமராவிலும் நட்சத்திரம் உருண்டையாகத் தெரியாது.

லென்ஸ் கழற்றி மாட்டும் வேலை இல்லாததால் சென்சாரில் தூசி விழுவது குறைவு. ஒரே பையில் எல்லாம் அடங்கும். எல்லாவற்றையும்விட, கூட்டை நெருங்காமல் தள்ளி நின்று எடுக்கலாம். இந்தக் கேமராவின் பெரிய புண்ணியம் இது. அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்! கையில் ஜூம் இருந்தும் ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று கூட்டருகே போகிறவர்களைப் பார்த்தால் பதறுகிறது. தாய்ப்பறவை எழுந்து பறந்துவிட்டால் குஞ்சு வெயிலில் வாடும், காக்கை காத்துக்கொண்டிருக்கும். உங்களுக்கு ஒரு படம். அதற்கு ஓர் உயிர்.

இப்போது இன்னொருவர் கதை. இது இன்னும் மோசம்.

2019 டிசம்பர் 26. கங்கண சூரிய கிரகணம். கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சி பக்கமெல்லாம் காலை ஒன்பதரை மணி வாக்கில் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்தது. திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரிப் பையன், மாமாவின் ஜூம் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு மொட்டை மாடி ஏறினான். லென்ஸ் முன்னால் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை டேப் போட்டு ஒட்டினான். முழு ஜூமில் சூரியனைப் பிடித்து வைத்துக்கொண்டு நிமிடக்கணக்கில் காத்திருந்தான். வளையம் வந்தது, இரண்டு படம் எடுத்தான். மூன்றாவது படத்தில் ஒரு கறை. அதற்குப் பிறகு எடுத்த எல்லாப் படத்திலும் அதே இடத்தில் அதே கறை. உள்ளே பொசுங்கிவிட்டது. கேமராவைக் குறிபார்க்க வெறும் கண்ணால் வேறு அடிக்கடி சூரியனைப் பார்த்திருக்கிறான். கண் தப்பியது அவன் அம்மா செய்த புண்ணியம்.

எக்ஸ்ரே ஃபிலிம் பாதுகாப்பு இல்லை! கூலிங் கிளாஸ் பாதுகாப்பு இல்லை! புகை பிடித்த கண்ணாடி பாதுகாப்பு இல்லை!

வெளிச்சம் மங்கலாகத் தெரிகிறது என்பதற்காக வெப்பமும் நின்றுவிட்டது என்று அர்த்தமில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஜூம் லென்ஸ் பெரிய கண்ணாடி. அது சூரியனைக் குவித்து அந்தச் சின்னச் சென்சார்மேல் கொட்டும். சூரியனை எடுக்க வேண்டுமானால் அதற்கென்றே விற்கும் சோலார் ஃபில்டரை லென்ஸின் முன்பக்கம் மாட்ட வேண்டும். வெளிச்சத்தை லட்சத்தில் ஒரு பங்காக்கும் ஃபில்டர் அது. நேரில் பார்க்க ஐஎஸ்ஓ 12312-2 தரம் அச்சிட்ட கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேமராவின் ஆப்டிகல் வ்யூஃபைண்டருக்குள் கண்ணை வைக்கவே கூடாது. பழைய டி.எஸ்.எல்.ஆரில் நீளமான லென்ஸ் மாட்டி சூரியனைப் பார்ப்பது கண்ணைக் கொடுத்துவிடுவதற்குச் சமம். 2031 மே 21-இல் இன்னொரு கங்கண கிரகணம் தென் தமிழ்நாட்டுக்கும் வட இலங்கைக்கும் வருகிறது. மதுரை, யாழ்ப்பாணம் பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

கேமராவை எங்கே திருப்புகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். நீங்கள் குருவியைத்தான் பார்க்கிறீர்கள். ஆனால் எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடும் பெண்ணுக்கு அது தெரியாது. தனிமையில் இருக்கும் பெண்ணை அவளுக்குத் தெரியாமல் படம் எடுப்பது பாரதிய நியாய சம்ஹிதா 77-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் முறையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. மொட்டை மாடியில் வீடுகளைப் பார்த்து ஜூம் வேண்டவே வேண்டாம். கடற்படைத் தளம், அணுமின் நிலையம் போன்ற இடங்களின் பக்கம் படமெடுக்கத் தடைப் பலகை இருந்தால் கேமராவைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள். 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘கொக்கு எடுக்க வந்தேன் சார்’ என்று ஸ்டேஷனில் உட்கார்ந்து விளக்கம் சொல்லும் நிலைமை நமக்கு எதற்கு?

வாங்கும் இடத்தில் இருக்கும் வலைகளைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள்.

ஆன்லைனில் நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்க்கு ‘4கே, 48 மெகாபிக்சல், 16எக்ஸ் ஜூம்’ என்று அழகான கேமரா வருகிறதா? அது டிஜிட்டல் ஜூம். லென்ஸ் ஓர் இம்மிகூட நகராது. எடுத்த படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்கித் தருகிறது, அதை நீங்களே போனில் இரண்டு விரலால் செய்யலாம். பேர் கேள்விப்படாத கம்பெனி, லென்ஸ்மேல் மி.மீ. எண் இல்லை, ‘ஆப்டிகல்’ என்ற சொல்லே விளம்பரத்தில் இல்லை. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் தொடாதீர்கள். நல்ல கம்பெனிக் கேமராவிலும் இந்த டிஜிட்டல் ஜூம் உண்டு. பி1000-இல் ஆப்டிகல் 3000 மி.மீ.யில் முடிந்த பிறகும் டிஜிட்டலில் 12,000 வரை போகும். முதல் வேலையாக மெனுவில் அதை ஆஃப் செய்துவிடுங்கள்.

போன்களின் ‘100எக்ஸ்’ஸும் அப்படியே. சாம்சங் எஸ்20 அல்ட்ராவில் 2020-இல் வந்த அந்த நூறில் லென்ஸ் தருவது கொஞ்சம்தான், மீதி மென்பொருள். 2023-இல் ஒருவர், மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து சாம்சங் போனில் தூரத்திலிருந்து எடுத்துப் பார்த்தார். மூலப்படத்தில் இல்லாத பள்ளங்கள் போன் படத்தில் வந்தன. நிலாவை அடையாளம் கண்டு விவரத்தைத் தெளிவாக்குகிறோம் என்று கம்பெனியே விளக்கம் சொன்னது.

எக்ஸ் குறைந்து விலை ஏறினால் ஏன் என்று கேளுங்கள். சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 வெறும் 25எக்ஸ், 600 மி.மீ.யில் முடிந்துவிடுகிறது. ஆனால் 2017-இல் அமெரிக்காவில் அதன் விலை 1700 டாலர். அடுத்த ஆண்டு வந்த 125எக்ஸ் பி1000-க்கு 1000 டாலர். காரணம், சோனியில் இருப்பது ஓர் அங்குலச் சென்சார், பரப்பில் நான்கு மடங்கு பெரிது. முழு ஜூமிலும் எஃப் 4. ஓடுவதையும் பறப்பதையும் பிடிக்கும் ஃபோகஸும் வேகமானது. பறவை பறப்பதுதான் உங்களுக்கு வேண்டும் என்றால், என் யோசனை, எக்ஸைக் குறைத்துச் சென்சாரைக் கூட்டுங்கள். பட்ஜெட் இடிக்கிறதா? நல்ல நிலையில் இருக்கும் பழைய டி.எஸ்.எல்.ஆரும் 70-300 லென்ஸும் பார்க்கலாம்.

வாங்கிய பிறகு செத்துப்போகும் கேமராக்கள்தான் அதிகம். பையில் இருக்கும்போது ஆன் ஆகிவிட்டால் லென்ஸ் துணியை முட்டிக்கொண்டு நீளப் பார்க்கும். உள்ளே பல்சக்கரம் போய்விடும். மெரினாவில், காற்று வீசும் நேரம், லென்ஸை நீட்டிவைத்துக்கொண்டு நடக்காதீர்கள். ஒரு மணல் துகள் குழலின் இடுக்கில் போனால் கரகரவென்று சத்தம் வரும், அப்புறம் ‘லென்ஸ் எரர்’. இந்தக் கேமராவில் லென்ஸைக் கழற்றி வேறு மாட்ட முடியாது, லென்ஸ் போனால் கேமரா போன மாதிரிதான். ஏ.சி. அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் கண்ணாடியில் ஆவி படியும்; பிளாஸ்டிக் பையில் கட்டி வெளியே வைத்து, வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தோல் உறைக்குள் வைத்துப் பூட்டினால் டீச்சரம்மாவுக்கு நடந்ததுதான் உங்களுக்கும். காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், வாரம் ஒருமுறை வெளியே எடுத்து நாலு படம். அரிசி போடாதீர்கள், மாவுத் தூசி லென்ஸில் ஏறும்.

பாட்டரியும் ஏமாற்றும். பி1000-இல் ஒரு சார்ஜுக்குக் கம்பெனி சொல்வதே சுமார் 250 படம். கம்பெனி பாட்டரி இன்னொன்று சேர்த்து வாங்க முடியாது என்றால் பட்ஜெட்டை மறுபடி போடுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் மெமரி கார்டைக் கொண்டுபோங்கள். வாசலில் எடுத்துக் காட்டும் போர்டு போதாது. கடைக்குள்ளேயே, மூலையில் இருட்டாக இருக்கும் அலமாரியை முழு ஜூமில் எடுங்கள். தெருவில் நடந்து போகிறவரை எடுங்கள். நிழலில் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டை எடுங்கள். அங்கேயே பணம் கட்டாமல் வீட்டுக்கு வந்து, கணினியில் நூறு சதவீத அளவில் திறந்து பாருங்கள். ‘இன்னிக்கு வாங்கினா மட்டும்தான் இந்த ஆஃபர்’ என்று யாராவது அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். ஜூமை முன்னும் பின்னும் இரண்டு முறை ஓட்டி, சத்தம் ஒரே சீராக இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பழைய கேமரா என்றால் லென்ஸுக்குள் போன் டார்ச்சை அடித்துச் சாய்த்துப் பாருங்கள்; வெள்ளை நூல் தெரிந்தால் சல்லிக்காசுக்குக்கூட வேண்டாம்.

‘பில் இல்லாமல் வாங்கினால் அஞ்சாயிரம் குறைவு, இம்போர்ட் பீஸ்’ என்பார்கள். இந்திய வாரண்டி கார்டு இல்லாத கேமராவை இங்குள்ள சர்வீஸ் சென்டர் கையிலெடுக்க மறுக்கலாம். அந்த ஐயாயிரம் முதல் ரிப்பேரிலேயே போய்விடும். கேமராவின் அடியில் இருக்கும் சீரியல் நம்பர், பெட்டிமேல் இருக்கும் நம்பர், பில்லில் எழுதிய நம்பர், வாரண்டி கார்டு நம்பர், நான்கும் ஒன்றுதானா என்று கடையை விட்டு இறங்குமுன் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் பார்சலைப் பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று காலண்டரில் குறித்துவைத்து, அந்தக் கெடுவுக்குள் ஒரு காலை, ஒரு மாலை, ஒரு நிலா இரவு என்று மூன்று வெளிச்சத்திலும் எடுத்துப் பார்த்துவிடுங்கள். பிடிக்கவில்லையா, கெடு முடியுமுன் திருப்பி அனுப்புங்கள். பெட்டியையும் உள்ளே இருந்த தெர்மாகோலையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.